யூட்டாவில் ஒரு நடன மாலை

அமெரிக்கா என்றதும் நம் மனக்கண்ணில் நிற்பவை நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களும், ஹாலிவுட்டும்தான். அங்கே நடனம் என்றால் மது, மங்கிய வெளிச்சம், அரைகுறை ஆடை என்றுதான் சினிமாக்கள் நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. அதே அமெரிக்காவில் மது மட்டுமல்ல, காப்பியும் டீயும்கூடத் தொடாத குடும்பங்கள் நிறைந்த ஒரு மாநிலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதைக்கூடத் தவிர்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குத் தேவாலயத்திலேயே நடனம் ஏற்பாடு செய்கிறார்கள்! தாய்மார்களே உடை தைத்து, தலை வாரி, காரில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அந்த மாநிலத்தின் பெயர் யூட்டா. என் மகளும் மாப்பிள்ளையும் அங்கே ஓரெம் என்ற ஊரில் இருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மூன்று மாதம் அவர்களோடு தங்கியிருந்தேன். பார்த்த மலைகளையும் ஏரியையும் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பெண் குழந்தைகளை வளர்க்கும் நம் சகோதரிகளுக்கு அந்த நடன மாலையைப் பற்றிச் சொல்வதே பயனுள்ளது என்று தோன்றியது.

மலை ஓரத்து ஊர்

சால்ட் லேக் சிட்டியிலிருந்து தெற்கே சுமார் 40 மைல் தூரத்தில் இருக்கிறது ஓரெம். கடல் மட்டத்துக்கு மேலே 4,500 அடியைத் தாண்டிய ஊர். ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்காட்டின் ஈரம் கிடையாது. காற்று அப்படி ஒரு வறட்சி! போன இரண்டாம் நாளே உதடு வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். கிழக்கே வாசாட்ச் மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் டிம்பனோகஸ் சிகரம் தெரியும். உயரம் சுமார் 11,750 அடி. கீழே தோட்டங்களில் செர்ரி மரங்கள் பூத்துக் கிடக்க, மேலே சிகரத்தில் பனி அப்படியே உறைந்து நிற்கும்.

தெருக்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது, எண்கள்தான். "800 கிழக்கு, 400 வடக்கு" என்று கணக்குப் பாடம்போல விலாசம் சொல்கிறார்கள். இரண்டு மூன்று தெருவுக்கு ஒரு ஊசிக் கோபுரம் தெரிகிறது. எல்லாம் ஒரே சபையின் ஆராதனைக் கூடங்கள். இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் புனிதர்கள் சபை என்பது அதன் முழுப் பெயர். வெளியார் 'மார்மன்' என்று அழைப்பது வழக்கம். முழுப் பெயரைச் சொல்லியே அழைக்கும்படி 2018-ல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது.

நாங்கள் சைவக் குடும்பம். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் இந்தச் சபைக்காரர்கள்தான். அவர்கள் சபை 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பட்டது. 1844-ல் அவர் சிறையில் இருந்தபோது ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். இல்லினாய்ஸ் மாநிலத்து நாவூ நகரிலிருந்த சபையார், அதன் பிறகு பிரிகாம் யங் தலைமையில் மாட்டு வண்டிகளிலும் நடந்தும் சுமார் 1,300 மைல் மேற்கே வந்தார்கள். 1847 ஜூலையில் இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள்.

ஆடிக்கொண்டே வந்தவர்கள்

அந்தக் காலத்தில் பல கிறிஸ்தவ சபைகள் நடனத்தைப் பாவம் என்று ஒதுக்கி வைத்திருந்தன. இவர்கள் மட்டும் ஒதுக்கவில்லை. அந்தப் பெரும் பயணத்தில் கூடவே ஒரு பித்தளை வாத்தியக் குழுவும் வந்ததாம். பகல் முழுக்க நடந்து களைத்தவர்கள் ராத்திரி முகாமில் நெருப்பைச் சுற்றி ஆடியிருக்கிறார்கள். பாட்டாலும் வாத்தியத்தாலும் நடனத்தாலும் கடவுளைத் துதிக்கலாம் என்று 1847 ஜனவரியில் பிரிகாம் யங் தந்த அருள்வாக்கு அவர்கள் வேத நூலிலேயே இருக்கிறது.

ஊர் அமைந்த ஐந்தாறு ஆண்டுக்குள் சால்ட் லேக் சிட்டியில் நாடகத்துக்கும் நடனத்துக்கும் என்றே 'சோஷியல் ஹால்' என்ற கட்டடம் எழுந்துவிட்டது. அதற்காக எல்லா ஆட்டத்துக்கும் சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணும் பெண்ணும் ஜோடியாகத் தழுவிச் சுழலும் வால்ட்ஸ் வந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு மாலைக்கு இத்தனை வால்ட்ஸ்தான் என்று கணக்கு வைத்தார்களாம்! நம் வீடுகளில் சினிமாவுக்கு மாதம் ஒன்று என்று கணக்கு வைத்தது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

சால்ட் லேக் சிட்டியின் புகழ்பெற்ற டெம்பிளுக்கு 1853-ல் அடிக்கல் நாட்டி, நாற்பது வருஷம் கட்டி, 1893-ல் பிரதிஷ்டை செய்தார்கள். நாங்கள் போனபோது பழுதுபார்க்கும் பணிக்காக மூடி, சாரம் கட்டியிருந்தது. அதே 1893-ல்தான் பெரிய உப்பு ஏரியின் மேல் தூண்கள் நாட்டி, சால்டேர் என்ற கேளிக்கை மண்டபமும் திறக்கப்பட்டது. அதில் சபையின் பணமும் இருந்தது. குடும்பத்தோடு ரயிலில் வந்து ஆடிவிட்டு, ரயிலிலேயே திரும்புவார்களாம். கோயிலுக்கும் நடன மண்டபத்துக்கும் ஒரே ஆண்டில் திறப்பு விழா! 1925-ல் அந்த மண்டபம் தீயில் எரிந்துவிட்டது. இப்போது பக்கத்தில் கச்சேரிகள் நடக்கும் வேறொரு கட்டடம் நிற்கிறது. ஏரியும் வற்றிச் சுருங்கி, 2022-ல் பதிவேட்டில் இதுவரை இல்லாத அளவுக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது.

நடன வழக்கம் மட்டும் வற்றவில்லை. இளைஞர் சங்கத்தின் வர்ணங்களான பொன்னும் பச்சையும் பெயரில் வர, ஆண்டுதோறும் 'கோல்ட் அண்ட் கிரீன் பால்' என்று நடத்திய காலத்தை அங்குள்ள பாட்டிமார்கள் இன்றும் கண் மின்னச் சொல்கிறார்கள். இப்போது அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், பதினாலிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நடனங்கள் நடக்கின்றன. எங்கள் வட்டாரத்தில் அவற்றில் ஒன்று மட்டும் நீள உடை, கோட்டு, டை என்று விசேஷமாக நடக்கிறது. அதை 'ஃபார்மல்' என்கிறார்கள்.

அழைப்பு வந்தது

பேத்திக்குப் பதினைந்து வயது. பக்கத்து வீட்டுப் பெண் அவளோடு ஒரே வகுப்பு. ஏப்ரலில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல், "அம்மா, சர்ச் ஃபார்மலுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கா. போகட்டுமா?" என்று கேட்டாள்.

மகள் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு இரண்டு பயம். ஒன்று, பையன்கள். இன்னொன்று, மதம்.

ராத்திரி பேத்தி தூங்கப் போனதும் சமையலறையில் பேச்சு ஆரம்பித்தது. "எம்மா, யாராவது பையன் வந்து கையைப் பிடிச்சு ஆடக் கூப்பிட்டா இவ என்ன செய்வா?" என்றாள் மகள். "சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போய் மெள்ள மெள்ள ஆள் சேர்ப்பாங்களோ?" என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டையும் அந்த அம்மாகிட்டயே கேட்டுட்டா என்னட்டி?" என்றேன் நான்.

மறுநாள் நானும் மகளும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த அம்மாளுக்கு ஐந்து பிள்ளைகள். எப்போது போனாலும் வீட்டில் ரொட்டி வேகும் வாசனை வரும். மகள் மென்று விழுங்கிக் கேட்டதற்கு அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "உங்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன்" என்றார். சபையில் சேராத பிள்ளைகளும் வரலாம். அங்குள்ள ஒழுங்குக்குக் கட்டுப்பட்டால் போதும். கட்டணம் கிடையாது. எட்டு மணிக்குத் தொடங்கி, பதினொன்றுக்கு முடித்துவிடுவார்கள். மறுநாள் ஞாயிறு என்பதால் நள்ளிரவைத் தொடும் பேச்சே இல்லை. பெரியவர்கள் மூன்று மணி நேரமும் கூடத்திலேயே இருப்பார்கள்.

"நீங்களும் வரலாமே, பலகாரம் வைக்கும் மேஜைக்கு ஆள் வேண்டும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் அப்போதும் தயங்கினாள். பேத்தி சத்தம் போடவில்லை, அழவில்லை. "அம்மா, ஒளிச்சுப் போகணும்னு இருந்தா உன்கிட்ட கேட்டிருப்பேனா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. "சரி, ஆச்சி கூட வர்றதா இருந்தா போ" என்று சம்மதம் கிடைத்தது.

கவுனுக்குக் கை

அடுத்த கவலை உடை. நான் ஆசையாக, "பட்டுப் பாவாடை தாவணி கட்டிக்கோ ராசாத்தி" என்றேன். "ஆச்சி, தீபாவளிக்குக் கட்டிக்கிறேன். அன்னைக்கு எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. நான் அவங்களோட ஒருத்தியா இருக்கணும்" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

புதுக் கவுன் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சிக்கனக்காரர்கள். அக்காள் கவுனைத் தங்கை போடுகிறாள். ஒரு வீட்டுக் கவுன் நாலு வீடு சுற்றுகிறது. டெசரெட் இண்டஸ்ட்ரீஸ் என்று சபையே 1938-ல் தொடங்கிய பழைய சாமான் கடைகள் உண்டு. ஜனங்கள் தாங்கள் உபயோகித்த துணிமணி, பாத்திரம், மேஜை நாற்காலி எல்லாவற்றையும் அங்கே தானமாகக் கொடுக்கிறார்கள். வேலை கிடைக்காதவர்களுக்கு அங்கே வேலையும் பயிற்சியும் தருகிறார்கள். அங்கே ஒரு நீண்ட கம்பியில் வரிசையாக ஃபார்மல் கவுன்கள் தொங்கின. கருநீல சாட்டின் கவுன் ஒன்றைப் பேத்தி எடுத்தாள். விலை 12 டாலர். ஒருமுறைக்கு மேல் யாரும் போட்டிருக்கமாட்டார்கள்போல, புதுசாகவே இருந்தது.

குறை இரண்டு. கை இல்லை, முதுகும் தாராளம். அவளுக்கு நீளமும் அரை முழம் அதிகம். எனக்கோ அந்த அதிக நீளத்தைப் பார்த்ததும் மனசு குதித்தது. கீழே வெட்டினால் கைக்குத் துணி கிடைத்துவிடுமே!

பக்கத்து வீட்டு அம்மாளிடம் தையல் மெஷின் இருந்தது. அவர் மகளின் உடைக்கும் கை வைக்க வேண்டியிருந்தது. யூட்டாவில் இது வீட்டுக்கு வீடு நடக்கும் வேலையாம். இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் துணியைப் பரப்பி உட்கார்ந்தோம். ரவிக்கை வெட்டிப் பழகிய கைக்கு இது பெரிய வித்தையா? பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு வைத்து, ஆர்ம்ஹோலைச் சுற்றி அரை அங்குலம் உள்ளே துணி விட்டு வெட்டினேன். சாட்டின் வழுக்கும். அதனால் குண்டூசிக்குப் பதில் முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, அப்புறம் மெஷினில் விட்டேன். முதுகுக்கு மிச்சத் துணியில் ஒரு பட்டை கொடுத்து, கொக்கி வைத்தேன். அந்த அம்மாள் என் ஓட்டுத் தையலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் கொடுங்கள்" என்றார்.

தைத்துக்கொண்டே பேசினோம். பிள்ளைகளுக்கான நடத்தைக் கையேடு ஒன்றை அந்தச் சபை 1965-ல் முதன்முதலில் வெளியிட்டது. அந்தப் பதிப்பில், தலையில் கர்லர் மாட்டிக்கொண்டு பெண்கள் வெளியே வரக்கூடாது என்றுகூட இருந்ததாம்! பின்னர் வந்த பதிப்புகளில் கையில்லாதது, குட்டையானது, இறுக்கமானது என்று கூடாத உடைகளுக்குப் பட்டியல் நீண்டது. 2022-ல் வந்த பதிப்பில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, கொள்கையைச் சொல்லி, நீங்களே யோசித்துத் தீர்மானியுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டிருக்கிறார்கள்.

"பட்டியல் இருந்தபோது பெரும்பாலும் பெண் பிள்ளைகளைத்தான் அளந்து பார்த்தோம்" என்றார் அவர். "பையன்கள் எதை நினைத்தாலும் அதற்கு என் மகளின் தோள்பட்டை பொறுப்பு என்பதுபோல. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கை வைத்த உடைதான் அவளுக்கும் சௌகரியம் என்கிறாள். அதனால் தைக்கிறேன்."

தாவணியைச் சரிசெய், துப்பட்டாவை இழுத்துவிடு என்று நம் வீடுகளில் கேட்காத நாள் உண்டா? ஊசியும் நூலும் ஒன்றுதான், கவலையும் ஒன்றுதான் என்று தோன்றியது.

இன்னொரு விஷயத்தை இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கவுன் இடுப்பில் சரியாக உட்கார வேண்டுமென்று மூன்று நாளாகப் பேத்தி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பது டிபன் டப்பா கனத்தில் தெரிந்தது. அங்கே மட்டுமல்ல, நம் ஊரிலும் கல்யாணம், ஆண்டு விழா என்றால் பெண்கள் செய்வது இதுதான். வளரும் வயதில், மாதவிலக்கு வரும் உடம்பு, பட்டினி கிடந்தால் தலைசுற்றலும் சோர்வும்தான் மிச்சம். நான் திட்டவில்லை. இடுப்பில் ஒரு தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன். "துணிதான்ட்டி உனக்குத் தக்கபடி இருக்கணும். துணிக்குத் தக்கபடி நீ இருக்க வேண்டாம்" என்றேன். அன்று ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டாள்.

அந்தச் சாயங்காலம்

சனிக்கிழமை ஆறு மணிக்கே அவளுக்கு இட்லியும் தயிரும் கொடுத்துவிட்டேன். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வறண்ட ஊரில் ஆடினால் தாகம் எடுக்கும். அதனால் ஒரு பாட்டில் தண்ணீரும் கையில். குதி உயர்ந்த செருப்பு வாங்கித் தரச் சொன்னவளுக்கு, மகள் தன் தட்டையான செருப்பைக் கொடுத்தாள். அது நல்லதாகப் போயிற்று. அங்கே போய்ப் பார்த்தால் உயரச் செருப்பு போட்டு வந்த பெண்களெல்லாம் அரை மணியில் கழற்றி மூலையில் குவித்துவிட்டு, வெறும் சாக்ஸோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்!

ஆராதனைக் கூடத்தின் பின்பக்கத்தில், மடக்குத் தடுப்பு ஒன்றுக்கு அப்பால், பெரிய ஹால் இருக்கிறது. மற்ற நாட்களில் அது கூடைப்பந்து மைதானம். மரத் தளத்தில் ஆட்டக் கோடுகள் அப்படியே இருந்தன. பந்து போடும் வளையத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குச் சரம். விளக்கைக் குறைத்திருந்தார்கள், ஆனால் யார் முகமும் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது.

வாசலில் ஒரு தம்பதி நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கைகொடுத்து, பெயர் கேட்டு உள்ளே விட்டார்கள். பக்கத்தில் ஒரு கூடையில் ஊக்கு, நூல், ஹேர்பின். நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டி, "அவர்தான் எங்கள் பிஷப்" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். பிஷப் என்றால் அங்கி போட்ட பெரிய குருவானவர் என்று நினைத்திருந்தேன். இந்தச் சபையில் உள்ளூர் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. வாரம் முழுக்கத் தன் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே சபையையும் கவனிக்கிறார்.

முதலில் ஒரு பையன் முன்னால் வந்து ஜெபம் செய்தான். தலைகுனிந்து நின்ற நூறு பிள்ளைகள், ஆமென் சொன்ன அடுத்த நொடி பாட்டுக்குக் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள்! ஆரம்பப் பாட்டுகள் எல்லாம் வரிசை ஆட்டம். ஜோடி கிடையாது. பாட்டிலேயே வலது பக்கம் போ, இடது பக்கம் போ, கைதட்டு என்று உத்தரவு வரும். எல்லோரும் ஒரே திசையில் திரும்புவார்கள். நம் கும்மிபோல, தெரியாதவர்களும் பக்கத்தில் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். பேத்தி சிரித்துக்கொண்டே ஆடினாள். நான் பலகார மேஜையில் பழரசமும் பிஸ்கட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். காப்பி மணம் இல்லாத விசேஷம் எனக்கு வாழ்க்கையில் அதுவே முதல்.

நாலாவது பாட்டு மெதுவான பாட்டு. இதுதான் ஜோடி ஆட்டம். பையன்கள் சுவர் ஓரமாக நின்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, "என்னோடு ஆட விருப்பமா?" என்று கேட்டார்கள். பையன் கை பெண்ணின் இடுப்பில், பெண்ணின் கை பையன் தோளில். நடுவே இடைவெளி. அவர்கள் வேத நூலின் அகலமாவது இடைவெளி வேண்டும் என்று அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டாம். பாட்டு முடிந்ததும் பையன் அவளைக் கொண்டுவந்து விட்டு, நன்றி சொல்லிப் போகிறான். அடுத்த பாட்டுக்கு வேறு ஒருவரோடு ஆட வேண்டும் என்பது எழுதாத விதி.

நாற்காலியில் இருந்தவள்

அந்த மெதுவான பாட்டில் பேத்தியை யாரும் அழைக்கவில்லை. அடுத்த மெதுவான பாட்டிலும் அழைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நான் தைத்த கையின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பச்சைக் கவுன் போட்ட இன்னொரு பெண், அவளும் தனியாக. எனக்குத் தொண்டை அடைத்தது. பையன் கையைப் பிடித்துவிடுவானோ என்று வீட்டில் பயந்தோம். ஒருவரும் அழைக்காமல் குழந்தை உட்கார்ந்திருப்பாள் என்று நாங்கள் யோசிக்கவே இல்லையே! நிறமா, புது ஆள் என்ற கூச்சமா என்று மனசு எங்கெங்கோ போயிற்று. பேசாமல் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று காலெடுத்து வைத்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்தார். "இப்போது நீங்கள் போனால், அவள் தோற்றதாக நினைப்பாள். கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

அப்போது ஒலிபெருக்கியில், "அடுத்த பாட்டுக்குப் பெண்கள்தான் அழைக்க வேண்டும்!" என்று அறிவித்தார்கள். பையன்கள் பக்கம் அப்படியே அமைதியாகிவிட்டது. பேத்தி ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, பச்சைக் கவுன்காரியிடம் ஏதோ சொல்லி, அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் அந்தப் பெரிய மரத் தளத்தைக் குறுக்கே கடந்து போனார்கள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிஷம்கூட இராது. எனக்கு அது திருச்செந்தூருக்கு நடந்த தூரம்!

கூடைப்பந்து வளையத்தின் கீழே, அப்பா கோட்டைப் போட்டு வந்ததுபோல விரல் வரை கை மூடிய ஒரு பையன் நின்றான். அவனிடம் போய்க் கேட்டாள். அவன் காது வரை சிவந்து, தலையாட்டினான். ஆட்டம் என்னவோ அம்மியை நகர்த்துகிறமாதிரிதான் இருந்தது. ஆனால் இருவரும் பேசிக்கொண்டார்கள், சிரித்தார்கள். பச்சைக் கவுன்காரியும் ஒருவனோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு மேஜைப் பக்கம் என் பேத்தி வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

பதினொன்றுக்கு மறுபடி ஜெபம். விளக்கை முழுக்கப் போட்டார்கள். அந்தப் பளபளப்பு உடையோடேயே பிள்ளைகள் நாற்காலி மடக்கினார்கள், தரை பெருக்கினார்கள். பையன்களும்தான்!

வீட்டுக்கு வந்து, பதினொன்றரைக்கு மேல், தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே பேத்தி அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். யார் யாரோடு ஆடினாள், யாருக்குக் கை வேர்த்தது, எல்லாம். "ஒரு பையன் அடுத்த பாட்டுக்கும் உடனே கூப்பிட்டான்மா. 'தேங்க்யூ, இப்ப வேண்டாம்'னு சொல்லிட்டேன். சரின்னு போயிட்டான்" என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். அவன் கேட்டால் இவள் என்ன செய்வாள் என்று கேட்டாளே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

மாப்பிள்ளையின் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து ஞாயிறு ஆராதனைக்கும் அந்த அம்மாள் எங்களை அழைத்தார். எங்கள் வழிபாடு எங்களுக்கு உண்டு என்று பணிவாகச் சொன்னோம். புரிந்துகொண்டார். அதற்கு மறுநாளும் சூடான ரொட்டி வந்தது. பதிலுக்கு நான் முறுக்கு அனுப்பினேன்.

நம் வீட்டுப் பெண்களுக்கு

நம் ஊரில் யாரும் பிள்ளைகளை ஜோடி ஆட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் வழக்கம் அவரவருக்கு. ஆனால் நம் பிள்ளைகளும் இன்று பள்ளியில், டியூஷனில், பிறந்தநாள் விழாவில், குடியிருப்புச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பையன்களும் பெண்களுமாகத்தான் பழகுகிறார்கள். செல்போனில் நமக்குத் தெரியாமலும் பேசுகிறார்கள். அதைத் தடுக்க முடியாது என்று அந்தச் சபையார் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள்போலும். தடுப்பதற்குப் பதில், தாங்களே ஒரு கூரையையும் விளக்கையும் போட்டுக் கொடுத்து, சுவர் ஓரமாக நிற்கிறார்கள்.

அப்படி நிற்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. பிள்ளை ஒரு நிமிஷம் தனியாக உட்கார்ந்திருந்தால் ஓடிப்போய்த் தூக்கிவிடக்கூடாது. மரியாதையாகக் கேட்கவும், மரியாதையாக மறுக்கவும், மறுத்தால் முகம் கோணாமல் போகவும் பெண்ணுக்கு மட்டுமல்ல, பையனுக்கும் வீட்டில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் பெண் எங்கேயாவது போக அனுமதி கேட்டால், "வேண்டாம்" என்று சொல்லுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அவள் உங்களிடம் கேட்கிறாளே, அதுவே எவ்வளவு பெரிய விஷயம்! "யார் யார் வர்றாங்க? பெரியவங்க யார் இருப்பாங்க? எத்தனை மணிக்கு முடியும்?" என்று விசாரியுங்கள். நடத்துகிறவர்களை நேரில் போய்ப் பாருங்கள். மனசுக்குத் திருப்தியாக இருந்தால், வயிறு நிறையச் சாப்பிடக் கொடுத்து அனுப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்கக் கொஞ்சம் தயிர் சாதமும் எடுத்து வையுங்கள்.